செவலையின் இடது கொம்பு

ரங்கூனை யாங்கூன் என்று மாற்றிய அரசாங்கத்துக்கு ஒருவர் மட்டும் மனதார நன்றி சொன்னார். அந்நகரின் தாமுவே பகுதியில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த செபாஸ்டியன்தான் அவர். ஊரின் பெயர், தெருவின் பெயர், ஆற்றின் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் மாறின. பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுத ஆள் வேண்டுமல்லவா. இரண்டு மழைக்காலம் அவர் வீட்டு அடுப்பு அந்தப் பெயர்களால் எரிந்தது. அன்று முதல் அரசாங்க வேலை என்றால் அவருக்கு ஒரு விசுவாசம். எதை எழுதச் சொன்னாலும் எழுதுவார், ஏன் என்று கேட்க மாட்டார்.

அதற்குச் சில வருடம் கழித்து நெல் விளைச்சல் குறைந்தது. உரம் கேட்டார்கள். உரம் வரவில்லை, உரத்துக்குப் பதிலாக ஓர் அலுவலகம் வந்தது. அதன் பெயர் இயற்கைச் சுழற்சி மேற்பார்வை அலுவலகம். அந்தப் பெயர்ப்பலகையையும் செபாஸ்டியன்தான் எழுதினார்.

அலுவலகத்தின் தலைவர் ஊ பா லைங். மண்ணியலில் பட்டம் பெற்றவர், குரல் வளம் உள்ளவர், மண்ணில் கால் வைத்து வெகுநாள் ஆனவர். முதல் கூட்டத்திலேயே கொள்கையை விளக்கிவிட்டார்.

"ஆதிகாலம் தொட்டு மண்ணின் சத்து புல்லுக்கும், புல் மாட்டுக்கும், மாட்டின் சாணம் மண்ணுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. யாருடைய அனுமதியும் பெறவில்லை. எந்த அதிகாரியும் கையெழுத்திடவில்லை. இதுவரை பொறுத்துக்கொண்டோம்."

மேற்பார்வையின் முதல் கட்டமாக ஒரு பெரிய தகரப் பலகையில் இயற்கையின் சுழற்சியை வரைந்து தாமுவே நாற்சந்தியில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. அந்த அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஜெரால்ட், மாதா கோயிலில் செபாஸ்டியனுக்குப் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர். வேலையை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். கூடவே மிஷன் பள்ளிக்கூடத்துப் பழைய பாடப்புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். அதில் ஒரு வட்டம் இருந்தது. சூரியனின் வெளிச்சம் இலைக்குப் போகிறது. மரம் விடும் நல்ல காற்று மனிதனுக்கும், மனிதன் விடும் கெட்ட காற்று மரத்துக்கும் போகின்றன. மண்ணிலிருந்து புல், புல்லிலிருந்து மாடு, மாட்டிலிருந்து சாணம், சாணத்திலிருந்து மறுபடி மண். நடுவே ஒரு சின்ன வளையம். உடம்பின் உயிரணுவுக்குள் சோறு எரிந்து பலமாகிறது என்று அது காட்டியது.

செபாஸ்டியனுக்கு எழுத்து தண்ணீர் பட்ட பாடு. மாடு மட்டும் வராது, நாய் மாதிரி வந்துவிடும். அதனால் படகேறி ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போனார். அங்கே பவுனம்மாள் என்ற விதவை, ஒரு துண்டு நிலத்தில் புளிச்சக்கீரை போட்டு, ஒரு மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்துவந்தாள். அவள் புருஷன் நல்லையா உயிரோடு இருந்தபோது செபாஸ்டியனின் ஏணியையும் வர்ண டப்பாவையும் சுமந்தவன். அந்த உரிமையில் கேட்டார். பவுனம்மாள் மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மதியம் முழுதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாட்டின் பெயர் செவலை. அதன் இடது கொம்பு மேலே போக வேண்டியது, நினைப்பை மாற்றிக்கொண்டு கண்ணை நோக்கிக் கீழே வளைந்திருக்கும். செபாஸ்டியன் அந்த வளைவையும் விடாமல் வரைந்தார். நேர்மையான கலைஞர். அந்த நேர்மைதான் வினையாயிற்று.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊ பா லைங் பலகையைப் பார்க்க வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, இந்த வட்டம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கேட்டார்.

செபாஸ்டியன் விரலால் சுற்றிக் காட்டினார். இடமாகச் சுற்றியது.

"பகோடாவை எப்படிச் சுற்றுகிறோம்?"

"வலமாக, ஸயா," என்றார் செபாஸ்டியன், பர்மிய வழக்கப்படி மரியாதையாக.

"புத்தர் கோயிலையே வலமாகச் சுற்றும் நாட்டில், சாணம் மட்டும் இடமாகச் சுற்றுமா?"

செபாஸ்டியன் கத்தோலிக்கர். ஆனால் நாற்பது வருடமாக அந்த ஊரில் இருப்பவருக்கு அதன் நியாயம் புரிந்தது. பகோடாவை இடமாகச் சுற்றுகிறவனை யாரும் அடிக்க மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். அது அடியைவிட மோசம். மறுநாள் காலை விழா. படங்களை எல்லாம் அழித்து இடம் மாற்றி எழுத நேரமில்லை. அவர் யோசித்தார். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அம்புகளின் தலையை மட்டும் அழித்து வாலில் வைத்தால் வட்டம் வலமாகிவிடும். சிவப்பு வர்ணத்தில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் தலைமையிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து திரையை விலக்கினார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று, அம்புக்குறிகளைப் பார்த்து ராகம் போட்டுப் படித்தார்கள். மண்ணிலிருந்து சாணம் வரும். சாணத்திலிருந்து மாடு வரும். மாட்டிலிருந்து புல் வரும். புல்லிலிருந்து மண் வரும்.

தலையை வாலில் வைத்ததில் என்ன ஆயிற்று என்று செபாஸ்டியனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் பவுனம்மாள் நின்றிருந்தாள். செவலை பலகையில் ஏறியதைப் பார்க்கத் தலையில் பூ வைத்துக்கொண்டு படகேறி வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பர்மியப் பெண்ணிடம், அது எங்கள் மாடு, கொம்பைப் பார், என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் அவர் ஜெரால்டை ஓரமாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். ஜெரால்ட் பதறவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் அது தப்புண்ணே. இன்னிக்குப் பெரியவரு கையால தொறந்தாச்சு. இனிமே தப்பு எங்க இருந்தாலும் பலகையில இருக்காது."

அப்படியே ஆயிற்று. அலுவலகத்தின் ஆய்வுக் குழு பலகையின் நகலை எடுத்துக்கொண்டு வயல்களுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தது. எந்த வயலும் பலகைக்குப் பொருந்தவில்லை. பலகையில் பிழை இல்லை, வயல்கள்தான் பின்தங்கியிருக்கின்றன என்று ஊ பா லைங் வருத்தத்தோடு அறிவித்தார். வயல்களை முன்னேற்றும் பொறுப்பை அலுவலகமே ஏற்றது.

முதலில் வெளிச்சம் திருந்தியது. பலகைப்படி இலைதான் சூரியனுக்கு வெளிச்சம் தருகிறது. ஊரில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. அதற்கு மின் நிலையத்தைத் திட்டுவது அறியாமை என்றும், இலைகளின் உழைப்பு போதவில்லை என்றும் விளக்கம் வந்தது. வீட்டுக்கு ஒரு செடி வைக்கச் சொன்னார்கள். செடி வைத்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. செடி இன்னும் சின்னது என்றார்கள்.

அடுத்து காற்று. நல்ல காற்றை விடுபவன் மனிதன், கெட்ட காற்றை விடுவது மரம். ஆகவே வீட்டுக்கு ஒருவர் காலையில் தம் தெரு மரத்தின் முன் நின்று அதற்கு மூச்சு வழங்க வேண்டும், மரத்தின் காற்று தாக்காமல் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். பர்கத்துல்லாவின் டீக்கடைக்கு முன்னால் ஒரு வாதாமரம் இருந்தது. காலையில் மூக்கை மூடிக்கொண்டு வாயால் ஊதும் கூட்டம் அதைச் சுற்றி நின்றது. வலமாகத்தான் நின்றது. ஒருவர் மயங்கி விழுந்தார். அவர் கொடுக்க வேண்டியதற்கு மேல் கொடுத்துவிட்டார் என்று பாராட்டினார்கள். பர்கத்துல்லாவுக்கு வியாபாரம் நன்றாக நடந்தது, அவர் ஒன்றும் கேட்கவில்லை. செபாஸ்டியனும் தன் முறை வந்தபோது போய் ஊதினார். ஊதும்போது எதிரே தன் பலகை தெரியாதபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவில் இருந்த சின்ன வளையத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள், ஊ பா லைங் மறக்கவில்லை. சோறு எரிந்து பலமாவது பழைய பாடம். பலகைப்படி பலம் எரிந்து சோறாகிறது. டாலாவில் வாய்க்கால் வெட்டக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு மத்தியானச் சோறு நின்றது. உழைக்க உழைக்கச் சோறு உடம்புக்குள்ளேயே உண்டாகும், வெளியிலிருந்து போடுவது இரட்டைச் செலவு என்று அவர் வாய்க்கால் கரையில் நின்று பேசினார். பேசி முடித்த களைப்பில் காருக்குள் போய்ச் சாப்பிட்டார். அது அவர் உடம்பின் குறை என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்று செபாஸ்டியன் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்தார். மனைவி ஜெசி ஏனென்று கேட்டாள். பசியில்லை என்றார். பசித்தது. வாய்க்கால் வெட்டுகிறவர்களின் பசியையும் சேர்த்துத் தன் வயிற்றில் யாரோ வைத்தது மாதிரி இருந்தது.

கடைசியாக மாட்டுக்கு வந்தார்கள். மாதிரித் தோட்டம் ஒன்று அமைத்துப் பலகையை அப்படியே செய்து காட்ட வேண்டும். எந்த மாட்டை வைத்து என்று ஆய்வுக் குழு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பலகையில் இருந்த மாடு டாலாவில் மேய்ந்துகொண்டிருந்தது. இடது கொம்பு கீழே வளைந்த மாடு அந்தக் கரையில் ஒன்றுதான்.

பவுனம்மாளின் கீரைப்பாத்தியில் போட்டிருந்த எருவைச் சுரண்டி எடுத்துக் கூடையில் கொண்டுபோய்ச் செவலையின் முன்னால் கொட்டினார்கள். மண்ணிலிருந்து சாணம், சாணத்திலிருந்து மாடு. செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒத்துழைக்காத மாடு என்று குறித்துக்கொண்டார்கள். கறந்த பாலைக் கீரைக்கு ஊற்றச் சொன்னார்கள், மாட்டிலிருந்துதானே புல் வர வேண்டும். பாத்தி முழுக்க எறும்பும் புளித்த நாற்றமும் வந்தன, கீரை வேரோடு அழுகியது. அழுகிய கீரையை மண்ணில் உழுதார்கள். வட்டம் ஒன்று முடிந்ததாகக் கை தட்டினார்கள்.

பவுனம்மாளுக்குப் பர்மிய மொழி சந்தைக்குப் போதும், சொற்பொழிவுக்குப் போதாது. அவளுக்கு விளக்கிச் சொல்லத் தமிழ் தெரிந்த நிபுணர் வேண்டியிருந்தது. செபாஸ்டியனை அழைத்துப் போனார்கள். பலகையை வரைந்தவரைவிடப் பெரிய நிபுணர் யார்.

ஊ பா லைங் பேசப் பேச அவர் தமிழில் சொன்னார். வெயில் ஏறியது. பவுனம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக சொல்றது இருக்கட்டும் தம்பி. நீயும் இப்படித்தான் சொல்றியா?"

செபாஸ்டியன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"பலகையில அப்படித்தான் இருக்குக்கா," என்றார்.

அவள் அதை நம்பினாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் படகில் ஏறும்போதே மறந்திருப்பார். நீ சொன்னால் சரிதான் தம்பி என்று அவள் அந்த மாட்டைக் கட்டிப் பிடித்து, சாணத்தைக் கையால் உருட்டி அதன் வாயில் ஊட்டப் பார்த்தாள்.

செவலை மெலிந்தது. பால் வற்றியது. பால் வற்றியதும் மாட்டிலிருந்து புல்லுக்குப் போகிற அம்புக்கு வழியில்லாமல் போயிற்று. குழு கூடியது. பால் என்பது மாட்டின் ஒரு பகுதிதான், பலகையில் அம்பு முழு மாட்டிலிருந்து புறப்படுகிறது என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். ஆகவே முழு மாட்டையும் புல்லுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. உயிரைக் கொல்வது பாவம் என்பதில் குழு உறுதியாக இருந்தது. யாரும் மாட்டைக் கொல்ல மாட்டார்கள். குழிக்குள் நிறுத்திக் கழுத்து வரை மண் போடுவார்கள், மாடு புல்லாகும் வரை அரசாங்கம் பொறுமையாகக் காத்திருக்கும். கழுத்துக்கு மேலே மாட்டின் சொந்தப் பொறுப்பு.

ஜெரால்ட் இதைக் கோயில் வாசலில் காதோடு சொன்னார். செபாஸ்டியன் பூசைக்கு உள்ளே போகவில்லை. அந்த மாட்டின் கொம்பைத் தன் கையால் வரைந்ததும், அம்பைத் தன் கையால் திருப்பியதும், டாலாவில் தன் வாயால் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நேரே அலுவலகத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஊ பா லைங் இருந்தார், இயற்கைக்கு விடுமுறை கிடையாது என்பது அவர் கட்சி.

செபாஸ்டியன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். படம் சரி, அம்புதான் தவறு, நேரமில்லாமல் தலையை வாலில் வைத்தது நான்தான், என்றார்.

ஊ பா லைங் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நான் மண்ணியல் படித்தவன். திறந்த அன்றே எனக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிவது அவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் இந்த அலுவலகம் நடக்கிறது."

பிறகு இன்னும் தணிந்த குரலில், பலகை தவறு என்று யாராவது ஒரே ஒருவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திருத்திவிடலாம் என்றார். பலகையும் சரியாகும், மாடும் பிழைக்கும். கையெழுத்துப் போட்டவனுக்கு என்ன ஆகும் என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது. மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

"நீ கொடுக்கிறாயா?"

செபாஸ்டியன் தாளைப் பார்த்தார். ஜெசியை நினைத்தார். பக்கத்துத் தெருவில் போன மாசியில் விசாரிக்க அழைத்துப் போய் இன்னும் வீடு திரும்பாத ஒருவரை நினைத்தார். டீயைக் குடித்து முடித்தார்.

"மழையில பலகை வெளுத்துப் போச்சு ஸயா," என்றார். "புது வர்ணம் அடிக்க அனுமதி கேட்கத்தான் வந்தேன்."

"அதுதானே பார்த்தேன்," என்று ஊ பா லைங் தாளை உள்ளே வைத்துக்கொண்டார். அவருக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் செபாஸ்டியன் ஏணியை நிறுத்தி ஏறினார். கீழே காவலுக்கு வந்தவன் பர்கத்துல்லா கடையில் டீ குடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். சிவப்பு டப்பா இடுப்பில் தொங்கியது. சாணத்துக்கும் மாட்டுக்கும் நடுவே இருந்த அம்பு அவர் மூக்குக்கு நேரே இருந்தது. தலையை அழித்து வாலில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தூரிகையைச் சிவப்பில் தோய்த்தார். அம்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமாகவே அதை இன்னும் பளிச்சென்று ஆக்கினார். எல்லா அம்புகளையும் அப்படியே செய்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை, அது வேறு அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு தூரிகையை மாற்றிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில், மாட்டின் இடது கொம்பை அழித்து நேராக மேல் நோக்கி வரைந்தார்.

அவர் கணக்கு பலித்தது. குழி வெட்டிய இடத்துக்குப் பலகையின் புது நகலோடு வந்த ஆய்வுக் குழு, செவலையைப் பார்த்தது, நகலைப் பார்த்தது, மறுபடி செவலையைப் பார்த்தது. கொம்பு பொருந்தவில்லை. இத்தனை நாள் தவறான மாட்டோடு பாடுபட்டோமே, அதனால்தான் அது ஒத்துழைக்கவில்லை என்று தெளிந்து, கயிற்றை அவிழ்த்து விட்டுப் போனார்கள்.

பவுனம்மாள் படகேறி வந்தாள். செவலை மறுபடி கொஞ்சம் கறக்கத் தொடங்கியிருந்தது. முதல் பாலைச் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். யார் மூலமோ விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"ஒங் கை நல்ல கை தம்பி. எங்க வீட்டுக்காரரு இருந்தா ஒங்கால்ல விழுந்திருப்பாரு."

செபாஸ்டியன் சொம்பை உள்ளே எடுத்துப் போனார். அவள் போனபின் ஜெசி பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். ஆறி ஆடை கட்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே ஊ பா லைங் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கொம்பைக் கவனித்திருந்தார். செபாஸ்டியன் பயந்துபோய் நின்றார். அதிகாரி எழுந்து கை கொடுத்தார்.

"நாங்கள் யாரும் யோசிக்காததை நீ யோசித்தாய். வளைந்த கொம்பு இருந்தவரை இது ஒரே ஒரு மாட்டின் திட்டம். நேரான கொம்பு எல்லா மாட்டுக்கும் இருக்கிறது. இனி இது டாலா முழுவதற்கும் திட்டம்."

தோளில் தட்டி, வெளிநாட்டு பிஸ்கோத்து டப்பா ஒன்றும் கொடுத்தார். அதைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு செபாஸ்டியன் வீட்டுக்கு நடந்தார். வழியில் வாதாமரத்தடியில் மூக்கை மூடி ஊதிக்கொண்டிருந்தவர்கள் நிபுணருக்கு விலகி வழி விட்டார்கள்.

வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பவுனம்மாளுக்குப் பக்கத்து வீடு, பெயர் அம்சவேணி. வயிற்றில் பிள்ளை. மடியில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. அவளுக்கும் ஒரு மாடு உண்டு, அதன் கொம்புகள் இரண்டும் நேர். திங்கட்கிழமை அவள் வீட்டுக் கொல்லையில் குழி வெட்ட வருகிறார்களாம்.

அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கோபமாக வந்திருக்கிறாள் என்று நினைத்தார், வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் கோபமாக வரவில்லை.

"பவுனம்மா அத்த சொன்னாக. அவுக மாட்டக் காப்பாத்துனது நீங்கதானாம். எங்க மாட்டுக்கும் ஒரு கொம்ப மட்டும் வளைச்சுக் குடுங்க அண்ணே. கயிறு கொண்டாந்திருக்கேன். சுடவச்சுக் கட்டுனா வளையுமா, சும்மா கட்டுனாலே வளையுமா?"

செபாஸ்டியன் உள்ளே போனார். மேசை மேல் சிவப்பு டப்பா இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். வர்ணம் இன்னும் காயவில்லை, எல்லா அம்புக்கும் தாராளமாகப் போதும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்சந்தி கூப்பிடு தூரம்தான், ஏணி வாசலிலேயே சாய்ந்திருந்தது.

டப்பாவை அழுத்தி மூடினார். வெளியே வந்து அம்சவேணியின் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுடவைத்துக் கட்டுவதுதான் நல்லது என்று சொல்லியபடி அவளோடு படகுத்துறைக்கு நடந்தார்.